விழாச் சீருடையில் மெடலும் பேட்ஜும்: எதை முதலில், எதை எங்கே, ஏன்

முதல் முறை விழா அணிவகுப்புக்குத் தயாராகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் அறியாமையால் வருவதில்லை, வேலை முன்பின்னாகப் போவதால் வருகிறது. கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று மெடலைக் குத்துவார்கள். அது சாயும். கழற்றித் திரும்பக் குத்துவார்கள். துணியில் நான்கு ஓட்டை விழும். அப்புறம்தான் இஸ்திரி போடவில்லை என்பது ஞாபகம் வரும்.

இங்கே சொல்வது இந்தியத் தரைப்படை விழா உடையை வைத்து. கடற்படைக்கும் விமானப்படைக்கும் மெடல் வரிசை பொதுவானது, பேட்ஜுகள் வேறு. ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் வழக்கமும் மாறும். உங்கள் யூனிட் ஆணை வேறு மாதிரி சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் தொடங்கும் முன்பே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கீழே இடம், வலம் என்று வரும் இடமெல்லாம் அணிபவருடைய இடம், வலம்தான். எதிரில் நின்று பார்ப்பவருடையது அல்ல.

1. கையில் இருக்க வேண்டியவை

இஸ்திரிப் பெட்டி, சென்டிமீட்டர் போட்ட தட்டை ஸ்கேல், தையல்காரர் சுண்ணாம்பு, ஊசி, ரிப்பன் நிறத்துக்கு ஏற்ற நூல், மெல்லிய ஃபெல்ட் துணித் துண்டு, வெள்ளைப் பருத்திக் கையுறை. பிராசோ என்ற உலோகப் பாலிஷும் பட்டன் ஸ்டிக் என்ற தகடும் பித்தளைப் பட்டனுக்கு மட்டும். நடுவில் பிளவு விட்ட அந்தத் தகடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பட்டனின் கழுத்தை அதில் செருகினால் பாலிஷ் துணியில் படாது. அது இல்லாமல் தேய்த்தால் ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் வெளிறிய வட்டம் விழும், சலவையிலும் போகாது.

மெடல் பக்கம் பிராசோவே போகக்கூடாது. நம் சேவை மெடல்கள் பலவற்றின் விளிம்பில் வாங்கியவரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். வருடா வருடம் தேய்த்தால் முதலில் மறைவது அந்த எழுத்துதான். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.

2. உரிமைப் பட்டியல்

வீட்டில் இருக்கும் மெடல்களைப் பரப்பி வைத்துத் தொடங்காதீர்கள். காகிதத்திலிருந்து தொடங்குங்கள். பணியில் இருப்பவருக்கு பார்ட் டூ ஆர்டர் (பணிப் பதிவுகளை வெளியிடும் யூனிட் ஆணை), ஓய்வுபெற்றவருக்கு டிஸ்சார்ஜ் புத்தகம். அதில் பதிவானதைத்தான் அணியலாம்.

காரணம் எளிது. சகோதரர்கள் இருவர் படையில் இருந்த வீடுகளில் மெடல்கள் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். விளிம்பு எழுத்தைப் படித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக ஒதுக்குங்கள்.

கிளாஸ்ப், அதாவது ரிப்பன்மேல் ஏறும் உலோகப் பட்டி பற்றியும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒரே மெடலுக்கு இரண்டு கிளாஸ்ப் கிடைத்திருந்தால் மெடல் ஒன்றுதான், ரிப்பனும் ஒன்றுதான், அதன்மேல் இரண்டு பட்டிகள் ஏறும். இரண்டு இடத்தில் பணியாற்றினேன் என்று இரண்டு சைன்ய சேவா மெடலைத் தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரும் கேட்டால் விற்றுவிடுவார்.

3. எந்த உடை, எந்த வடிவம்

ஒரே விருது மூன்று வடிவத்தில் வரும். விழா உடைக்கு முழு அளவு மெடல். அன்றாட உடைக்கு ரிப்பன் மட்டும். மெஸ் உடைக்கு, அதாவது முறையான இரவு விருந்து உடைக்கு, சிறு அளவு மெடல் என்ற மினியேச்சர்.

ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று வராது. முழு மெடலும் மாட்டி, அதே விருதுகளின் ரிப்பன் பட்டியையும் மேலே விட்டுவைப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. போன வாரம் குத்திய ரிப்பன் பட்டி கோட்டிலேயே கிடந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதனால் இந்தப் படியிலேயே கோட்டைக் காலியாக்கிவிடுங்கள்.

அழைப்பில் உடை குறிப்பிட்டிருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். முழு மெடல்களை உலோகப் பாரில் தைத்து முடித்த பிறகு மினியேச்சர்தான் என்று தெரிந்தால் ஒரு மாலை முழுக்க வீண்.

4. மெடல் வரிசை

மிக உயர்ந்தது மார்பின் நடுவை ஒட்டி, அதாவது பட்டன் வரிசைக்குப் பக்கத்தில். அங்கிருந்து படிப்படியாக இறங்கி இடது தோளை நோக்கிப் போகும். எதிரில் நிற்பவருக்கு இது இடமிருந்து வலமாகப் படிக்கும் வரிசையாகத் தெரியும். மேசையில் பரப்பும்போதும் அப்படியே பரப்புங்கள், உயர்ந்தது உங்கள் இடது கைப் பக்கம். கோட்டில் ஏறியதும் சரியாக இருக்கும்.

எது உயர்ந்தது என்பதில்தான் குழப்பம். போர்க்கால வீர விருதுகள் எல்லாம் முதலில், அமைதிக்கால வீர விருதுகள் பிறகு, சேவை விருதுகள் கடைசியில் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை பின்னிப் பின்னி வரும். போர்க்காலப் பரம் வீர் சக்ரா, அடுத்து அமைதிக்கால அசோக சக்ரா. மகா வீர் சக்ரா, அடுத்து கீர்த்தி சக்ரா. வீர் சக்ரா, அடுத்து சௌர்ய சக்ரா. நடுவில் சேவை விருதுகள் புகுந்துகொள்ளும். பரம் விசிஷ்ட சேவா மெடல் மகா வீர் சக்ராவுக்கு முன்னால் வரும். அதி விசிஷ்ட சேவா மெடல் கீர்த்தி சக்ராவுக்குப் பின், வீர் சக்ராவுக்கு முன். சேனா மெடலும் அதை அடுத்து விசிஷ்ட சேவா மெடலும் சௌர்ய சக்ராவுக்குக் கீழே.

இவை முடிந்த பிறகு காயமடைந்தவருக்கான மெடல், போர் மற்றும் நடவடிக்கை மெடல்கள், சைன்ய சேவா போன்ற பணியிட மெடல்கள், சுதந்திர ஆண்டுவிழா மெடல்கள், நீண்ட பணிக்கான மெடல்கள் என்று இறங்கும். ஐக்கிய நாடுகள் சபை மெடல் போன்ற வெளியிலிருந்து வந்தவை கடைசி. ஐநா மெடலின் நீல ரிப்பன் பளிச்சென்று இருப்பதால் அதை நடுவுக்குக் கொண்டுவர ஆசை வரும். விடாதீர்கள்.

கார்கிலில் சண்டையிட்டுக் காயமடைந்து, 20 ஆண்டுப் பணி முடித்த ஒரு ஹவில்தாரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வரிசை இப்படிப் போகும்: சேனா மெடல், காய மெடல், ஆபரேஷன் விஜய் ஸ்டார், சியாச்சின் கிளேசியர் மெடல், ஆபரேஷன் விஜய் மெடல், ஆபரேஷன் பராக்கிரம் மெடல், சைன்ய சேவா மெடல், 50ஆவது சுதந்திர ஆண்டுவிழா மெடல், 20 ஆண்டு மெடல், 9 ஆண்டு மெடல். மொத்தம் பத்து.

இதில் இரண்டு இடம் இடறும். விஜய் ஸ்டாரும் விஜய் மெடலும் ஒரே 1999 நடவடிக்கைக்கானவை என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். நடுவில் சியாச்சின் வர வேண்டும். அடுத்தது, 20 ஆண்டு வந்துவிட்டதே என்று 9 ஆண்டு மெடலைக் கழற்றிவிடுவார்கள். கழற்றக் கூடாது. இரண்டும் இருக்கும், 20 முன்னால்.

கிடைத்த தேதிப்படி அடுக்குவதும் வேண்டாம். வரிசை அரசு வகுத்தது, உங்கள் வாழ்க்கை வரலாற்றை அது கேட்பதில்லை.

5. ரிப்பன்: நிறமும் திசையும்

கடையில் வாங்கிய ரிப்பனைக் கோட்டில் ஏற்றும் முன் வெளிச்சத்தில் பாருங்கள். அசோக சக்ராவின் பச்சை ரிப்பனில் ஆரஞ்சுக் கோடு ஒன்று, கீர்த்தி சக்ராவில் இரண்டு, சௌர்ய சக்ராவில் மூன்று. அவசரத்தில் ஒன்றை ஒன்றாக நினைத்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கோடுகளை எண்ணி வாங்குங்கள்.

நடுக்கோடு வைத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ரிப்பனை எப்படித் திருப்பினாலும் கவலையில்லை. சேனா மெடலின் சிவப்பு ரிப்பனில் நடுவே வெள்ளைக் கோடு, அதைத் தலைகீழாக்கினாலும் அதேதான். சிக்கல் பாதி பாதியாக நிறம் பிரிந்த ரிப்பன்களில். மகா வீர் சக்ராவுக்கு வெள்ளையும் ஆரஞ்சும், வீர் சக்ராவுக்குக் கருநீலமும் ஆரஞ்சும். இரண்டிலும் ஆரஞ்சுப் பாதி இடது தோள் பக்கம் இருக்க வேண்டும்.

இதைச் சரிபார்க்க செல்ஃபி எடுத்துப் பார்க்காதீர்கள். பல போன்களில் செல்ஃபி கண்ணாடிப் பிம்பமாகவே சேமிக்கப்படும். சரியாக மாட்டியது தப்பாகத் தெரியும், அதைத் ‘திருத்த’ப் போய் நிஜமாகவே தப்பாகிவிடும். இணையத்தில் கிடைக்கும் புகைப்படங்களிலும் இப்படித் திரும்பியவை உண்டு. பட்டன் எந்தப் பக்கம் மூடியிருக்கிறது, ரிப்பன்கள் எந்த மார்பில் இருக்கின்றன என்று பார்த்தால் படம் திரும்பியதா என்று கண்டுபிடித்துவிடலாம்.

பரம் வீர் சக்ரா இரண்டாம் முறையும் கிடைத்தால், ரிப்பன் மட்டும் அணியும்போது அதன் ஊதா ரிப்பன்மேல் சிறிய வஜ்ர உருவம் ஏறும். டெஸ்பாட்சில், அதாவது போர்க்கள அறிக்கையில், பெயர் குறிப்பிடப்பட்டவருக்கு உரிய நடவடிக்கை மெடலின் ரிப்பன்மேல் தாமரை இலைச் சின்னம் வரும். அதற்குத் தனி மெடல் கிடையாது. இந்தச் சிறு உலோகத் துண்டுகளைப் பசையால் ஒட்டாதீர்கள், வெயிலில் அணிவகுத்து நிற்கும்போது நழுவும். பின்பக்கக் காலைத் துணியில் செருகி மடக்குங்கள்.

6. பாரில் தைப்பது

இந்தப் படிக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். விழாவுக்கு முந்தின இரவு இதைத் தொடங்கவே கூடாது.

மெடல்களை ஒவ்வொன்றாகத் துணியில் குத்துவது முறையல்ல. எல்லாவற்றையும் ஒரே உலோகப் பாரில் தைத்து, அந்தப் பாரை மார்பில் குத்த வேண்டும். தனித்தனியாகக் குத்தினால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஆடும், கனமும் துணியின் ஒரே புள்ளியில் இறங்கும்.

முதலில் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு, நேராக நின்று, காலர் மடிப்பின் ஓரத்திலிருந்து கை இணையும் தையல்வரை எவ்வளவு என்று வேறொருவர் அளக்கட்டும். சராசரி உடலுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் அளவில் வரும். ரிப்பனின் அகலம் 3.2 சென்டிமீட்டர். அதனால் நான்கு மெடல்வரை பக்கத்துக்குப் பக்கமாக நிற்கும். அதற்கு மேல் போனால் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும்.

எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் கண்மதிப்பில் விடாதீர்கள். நம் ஹவில்தாருக்குப் பத்து மெடல். முதல் மெடல் முழுசாகத் தெரிய வேண்டும், அதற்கு 3.2 போக மிச்சம் 11.8. அதை ஒன்பதால் வகுத்தால் 1.3. ஆக, ஒவ்வொரு மெடலும் முந்தியதிலிருந்து 1.3 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். மெல்லிய அட்டையில் இந்த அளவில் கோடு போட்டு, அதை வைத்துத் தையுங்கள்.

எதன்மேல் எது? உயர்ந்தது எப்போதும் மேலே. தைக்கும்போது கடைசி மெடலிலிருந்து தொடங்கி முதல் மெடலில் முடிக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். முதலிலிருந்து தொடங்கினால் அடுத்தது அதன்மேல் ஏறிவிடும், பத்தும் முடிந்த பிறகு பிரிக்க வேண்டியிருக்கும்.

மெடல்களின் அடிவிளிம்பு ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ரிப்பனின் மேல்விளிம்பும்தான். கிளாஸ்ப் உள்ள மெடலும் இல்லாத மெடலும் கலந்து வரும்போது ரிப்பனை ஒரே நீளத்தில் வெட்டினால் அடிக்கோடு ஏறி இறங்கும். பாரை விளிம்பில் வைத்து மெடல்களைத் தொங்கவிட்டு, கீழே ஸ்கேலைப் பிடித்து, அதற்கு ஏற்ப ஒவ்வொரு ரிப்பனையும் மடியுங்கள். வெட்டுவது கடைசியில்.

சுழலும் கொக்கி உள்ள மெடல்கள் தாமாகவே திரும்பிக்கொள்ளும். முகப்பு முன்னால் இருக்கிறதா என்று பார்த்து, கொக்கியின் கழுத்தில் மெல்லிய நூலால் ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள்.

7. துணி

மெடல் தயார். இப்போது கோட்டுக்கு இஸ்திரி. பின் குத்திய பிறகு இஸ்திரி போட முடியாது, தோள் பேட்ஜ் ஏறிய பிறகு தோள்பட்டையைத் தட்டையாக்க முடியாது. அதனால் இந்த வேலை இங்கே.

ஆறியதும், இடது மார்பு பாக்கெட்டின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே, அதற்கு இணையாகச் சுண்ணாம்பால் ஒரு மெல்லிய கோடு. தரையைப் பார்த்து மட்டம் பிடிக்காதீர்கள், பாக்கெட்டைப் பார்த்துப் பிடியுங்கள். ஒரு தோள் சற்று இறங்கியவருக்குப் பாக்கெட்டும் இறங்கியிருக்கும். மெடல் மட்டும் தரைக்கு மட்டமாக நின்றால் இரண்டும் சண்டை போடும்.

பின் இறங்கும் இடத்தில் கோட்டின் உள்பக்கம் ஃபெல்ட் துண்டை வைத்துத் தையுங்கள். பத்து மெடலின் கனத்தைத் துணி தனியாகத் தாங்காது, மேல்பக்கம் சுருங்கும். அந்தப் பாக்கெட்டில் எதையும் வைக்கவும் வேண்டாம். போனை வைத்தால் மெடல் வரிசை முன்னால் புடைத்து நிற்கும்.

8. தோளும் கழுத்தும்

தோள் பேட்ஜைக் கோட்டைப் போடும் முன்பே மாட்டிவிட வேண்டும். தோள்மேல் இருக்கும்போது எதிர்ப்பக்கத்தைப் பார்க்க முடியாது, இரண்டு பக்கமும் சமமாக வராது.

நட்சத்திரத்தின் ஒரு முனை கழுத்தைப் பார்க்க வேண்டும். அசோகச் சிங்கத்தின் தலையும் கழுத்துப் பக்கம். லெப்டினன்ட் கர்னலுக்குச் சிங்கமும் ஒரு நட்சத்திரமும், இதில் சிங்கம் கழுத்தை ஒட்டி, நட்சத்திரம் வெளியே. ஜே.சி.ஓ.க்களுக்கு (ஜூனியர் கமிஷன்ட் அதிகாரிகள்) தோள்பட்டையின் குறுக்கே ஓடும் நிறப்பட்டி நட்சத்திரத்துக்கு வெளிப்பக்கம், கை ஓரமாக. நாயிப் சுபேதாருக்கு நட்சத்திரம் ஒன்று, சுபேதாருக்கு இரண்டு, சுபேதார் மேஜருக்குச் சிங்கம். லான்ஸ் நாயக் முதல் ஹவில்தார் வரை தோளில் அல்ல, கையில் பட்டை: ஒன்று, இரண்டு, மூன்று. கூர் கீழ்நோக்கி இருக்கும்.

ரைஃபிள் ரெஜிமெண்டுகளில் உலோகச் சின்னங்கள் கறுப்பு. பளபளப்பாக இல்லையே என்று கடையில் பித்தளை நிறத்தில் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

காலரில் போடும் சின்னங்கள் ஜோடியாக வரும். விலங்கு உருவம் இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் பார்க்காது, ஒன்றையொன்று பார்க்கும். ஒரே மாதிரி இரண்டு வாங்கியவர் மாட்டும்போதுதான் இதைக் கண்டுபிடிப்பார். டப்பாவைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.

பிரிகேடியர் முதல் மேலே உள்ளவர்களுக்கு 1-8-2023 முதல் பொதுச் சீருடை. தொப்பி, தோள் பேட்ஜ், காலர் பட்டி, பெல்ட், ஷூ எல்லாருக்கும் ஒன்றே, லான்யார்டு என்ற தோள் கயிறு கிடையாது. பழைய படத்தை வைத்து ரெஜிமெண்ட் லான்யார்டோடு ஒரு பிரிகேடியரின் கோட்டைத் தயார் செய்தால் தவறாகிவிடும்.

பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடிக்கும் பிள்ளைக்கு நட்சத்திரம் சூட்டப் போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புது லெப்டினன்டுக்கு ஒவ்வொரு தோளிலும் இரண்டு நட்சத்திரம். கை நடுங்கும், கண் கலங்கும், பின்பக்கக் கிளிப் கீழே விழும். முந்தின நாளே பழைய துணி ஒன்றில் நாலு தடவை மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். முனை கழுத்தைப் பார்க்கிறதா என்பதை மட்டும் கவனித்தால் மிச்சத்தைப் பிள்ளையே சரி செய்துகொள்வார்.

9. வலது மார்பு

பெயர்ப்பலகை வலப்பக்கம். பாராசூட் வீரரின் சிறகு வலது மார்பில் பெயருக்கு மேலே. சிறப்புப் படையினரின் பலிதான் பேட்ஜ் பெயருக்குக் கீழே, வலது பாக்கெட்டில். விமானியின் சிறகு மட்டும் இடப்பக்கம், ரிப்பன் வரிசைக்கு மேலே.

பெயர்ப்பலகையைக் கடைசியில் மாட்டுங்கள். இடது மார்பில் பார் ஏறிய பிறகுதான் எந்த உயரத்துக்கு இணையாக வைப்பது என்று தெரியும்.

10. தலை, கயிறு, பெல்ட்

பெரே தொப்பி வலப்பக்கம் சரியும், பேட்ஜ் இடது கண்ணுக்கு மேலே. புதுத் தொப்பியை நனைத்துத் தலையில் வைத்து வடிவம் பிடிக்காமல் பேட்ஜை மாட்டினால் அது நெற்றிக்கு மேல் தட்டுபோல நிற்கும். சீக்கியத் தலைப்பாகையில் பேட்ஜ் முன்பக்கம் நடுவில்.

லான்யார்டு எந்தத் தோளில் என்பதற்குப் பொது விதி கிடையாது. கார்வால் ரைஃபிள்ஸில் சிவப்புக் கயிறு வலது தோளில். உங்களுடையது என்னவென்று யூனிட்டில் கேளுங்கள். பெல்ட்டைக் கடைசியாக இறுக்குங்கள். பெல்ட் ஏறினால் கோட்டு மேலே தூக்கும், அப்போது மெடல் வரிசை எப்படி நிற்கிறதோ அதுதான் உண்மையான நிலை.

11. சோதனை

வேறொருவர் மூன்று அடி தள்ளி நின்று பார்க்கட்டும். மேலிருந்து கீழாக: தொப்பி, காலர், தோள், இடது மார்பு, வலது மார்பு, பெல்ட். பிறகு நீங்கள் பத்து அடி நடந்து திரும்பி, ஒரு சல்யூட் வைத்துக் காட்டுங்கள். கை இறங்கிய பிறகு மெடல்கள் பழைய இடத்துக்கு வருகின்றனவா, ஒன்று இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று இதில்தான் தெரியும். சுண்ணாம்புக் கோட்டைத் துடைக்க மறக்காதீர்கள்.

12. ஓய்வுபெற்றவரும் குடும்பத்தாரும்

ஓய்வுபெற்றவர் குடியரசு தினம் போன்ற நாளில் கோட்டிலோ பந்த்கலா என்ற மூடிய கழுத்துக் கோட்டிலோ இடது மார்பில் மெடல் அணியலாம். வரிசை மேலே சொன்னதேதான்.

உயிர்நீத்த வீரரின் மெடலை மனைவியோ பிள்ளையோ அஞ்சலி நிகழ்ச்சிகளில் அணிவதானால் வலது மார்பில். இடது மார்பு சம்பாதித்தவருக்கு, வலது மார்பு அவர் சார்பாக அணிபவருக்கு. பார்த்தவுடன் வித்தியாசம் தெரியத்தான் இந்த ஏற்பாடு.

புடவையில் இது கொஞ்சம் சிரமம். முந்தானை இடது தோளில் ஏறுவதால் வலப்பக்கம் பார் நிற்க நல்ல இடம் இருக்கும், ஆனால் பட்டு கனம் தாங்காமல் கிழியும். பாரைப் புடவைத் துணியில் மட்டும் குத்தாமல், ரவிக்கையின் உள்பக்கம் ஃபெல்ட் வைத்து, புடவை, ரவிக்கை, ஃபெல்ட் மூன்றையும் சேர்த்துக் குத்துங்கள். முந்தானையைத் தோளில் தனிப் பின்னால் நிறுத்திவிட்டு அப்புறம் மெடல் பாரைக் குத்த வேண்டும். மாற்றிச் செய்தால் முந்தானையை இழுக்கும்போது பாரும் சேர்ந்து வரும்.

உரிமை இல்லாதவர் விஷயம்: படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அவர்களுடைய உடையையோ சின்னத்தையோ அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளி மாறுவேடப் போட்டி இதில் வராது, நோக்கம்தான் கணக்கு.

13. கழற்றி வைப்பது

கோட்டைக் கழற்றும் முன் பாரை எடுத்துவிடுங்கள். பாரோடு ஹாங்கரில் மாட்டினால் துணி ஒரு பக்கம் தொங்கி அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். வியர்வை பட்ட ரிப்பனை நிழலில் உலர்த்தி, பாரைத் தட்டையாக, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் உலோகம் கறுக்கும். அடிக்கடி அணிபவர்கள் கடையில் நகல் வரிசை ஒன்று தைத்து வைத்துக்கொண்டு, பெயர் பொறித்த அசலைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது நல்லது. டப்பா மூடியின் உள்பக்கம் மெடல்களின் பெயரை வரிசைப்படி எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த ஜனவரியில் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேட வேண்டியிருக்காது.